நாற்பத்து மூன்று பேரும் மனிதர்களே

“மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்ற கேள்விக்கு மூன்று வருடங்களாக நான் சொல்லிவந்த பதில் “சொந்தத் தொழில்” என்பதுதான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நான் கேட்க விட்டதில்லை என்று சொல்வதே சரி. தொண்டையைக் கொஞ்சம் கனைத்தால் போதும், எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிக்கொள்வார்.

அந்தக் கனைப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேர்வு வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பதினாறு வருடம், முன்னறிவிப்பு இல்லாமல் தேர்வுக் கூடங்களுக்குள் நுழைந்து காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கும் பிரிவில் இருந்தேன். நான் யாரையும் அதட்டியது கிடையாது. வாசலில் நின்று ஒரு கனைப்பு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் ஒரு கனைப்பு. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடம் அப்படியே அடங்கிவிடும். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

என் தகப்பனார் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை இடும் ஆய்வாளராக இருந்தவர். எங்கள் வீட்டு ஆள் ஒருவரின் கையெழுத்தை வெளியார் சந்தேகப்பட்டதாக இரண்டு தலைமுறையில் ஒரு சம்பவம் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

மாப்பிள்ளை முன்பு கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் வேலையாக இருந்தார். கல்யாணமாகி இரண்டாவது வருடம், என் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடி, தானே பதிவு செய்து வெளியிடப் போவதாகச் சொன்னார். பின்னால் கம்பெனி எதுவும் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். யார் கேட்பார்கள் என்றேன். “கேக்குறவங்களை ஒருத்தர் ஒருத்தரா நான்தான் தேடணும் மாமா” என்றார். மூன்று வருடம் பார்ப்பதென்றும், அதற்குள் ஒரு நல்ல அரங்கத்தில் அவருடைய பெயரில் ஒரு நிகழ்ச்சியாவது நடக்காவிட்டால் அலுவலகத்துக்கே திரும்பிவிடுவதென்றும் பேசி முடித்தோம். தேதியை என் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற முகம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வாடகையை மிச்சப்படுத்த இருவரும் எங்கள் வீட்டுக்கே குடிவந்தார்கள். பின்பக்கத்து அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். சுவரில் பழைய மெத்தைகளைச் சாய்த்துவைத்தார். பாடுவதற்கு எதிரொலி இல்லாத இடம் வேண்டுமாம். தேடித் தேடிக் கடைசியில் அவர் கண்டுபிடித்தது அந்த அறையிலேயே இருந்த என் துணி அலமாரி. பணி ஓய்வோடு மாட்டிவைத்த என் ஆறு கோட்டுகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டுதான் அவர் பாடுவார். முதல் நாள் அதைப் பார்த்ததும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

பாட்டு ஒரு பங்கு என்றால், அதை ஊருக்குச் சொல்கிற வேலை பத்துப் பங்கு. நான் கூர்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்து, தன் பாட்டைக் கேட்பவர்களுக்கு மடல் எழுதுவார். இருநூற்றுப் பதினான்கு பேர். ஒவ்வொருவர் பேரும் ஊரும் அவருக்கு மனப்பாடம். பிறகு காபிக் கடை, புத்தகக் கடை, சலூன் என்று ஏறி இறங்கி, ஓரத்தில் சின்னச் சின்ன அட்டைகள் வைக்க அனுமதி கேட்பார். நாற்பது நொடி வீடியோவுக்காக அதே வரியைப் பத்தொன்பது முறை பாடுவார். பதினெட்டு முறை பக்கத்து வீட்டு நாய் குரைத்திருக்கும். ஒருமுறை நூலகத்துக் கீழ்த்தளத்தில் நிகழ்ச்சி. வந்தவர்கள் ஆறு பேர். அதில் என் மனைவி, மகள், காவலாளி மூன்று பேர் சேர்த்தி. அறுநூறு பேர் இருப்பதுபோலப் பாடிவிட்டு, மீதி மூன்று பேரிடமும் முகவரி வாங்கிக்கொண்டு வந்தாராம். என் மனைவி இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

பின்னறையில் சத்தம் அளவுக்கு மீறினால் நடைவழியில் நின்று இரண்டு கனைப்புக் கனைப்பேன். கிடார் உடனே நிற்கும். சற்றுப் பொறுத்து மெல்ல ஆரம்பிக்கும். இதில் எங்கள் இருவருக்கும் ஒரு சொல்லாத ஒப்பந்தம் இருந்தது.

மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் பாட்டு வெளிவந்தது. என் ஃபோனுக்கும் அனுப்பிவைத்தார். நான்கு நிமிடம் பத்து விநாடி என்று போட்டிருந்தது. திறக்கவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. நன்றாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. நல்லதோ கெட்டதோ, தெரியாமல் இருந்தால் “சொந்தத் தொழில்” என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டலாம்.

மறுநாள் சாப்பிடும்போது அவரே கேட்டார்.

“பாட்டு கேட்டீங்களா மாமா?”

“கேட்டேன் மாப்பிள்ளை. நல்லா இருக்கு.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. அவர் சோற்றில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

“வேற ஒண்ணும் சொல்லணும்னு தோணலையா?”

“தாளம் சரியா இருக்கு” என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். என் மகள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். வங்கி வரிசையில் நின்று கனைத்தேன். முன்னால் நின்ற கல்லூரிப் பெண் சட்டென்று திரும்பிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து வழி விட்டாள். நூலகத்தில் கனைத்தேன், அலமாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு இளைஞர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று சொல்வது தவறு என்று அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். “ஆமாமா” என்றாள் அவள், ரொம்ப அக்கறையாக.

அப்போதுதான் அரங்கத்து விஷயம் வந்தது. நகரத்தின் பழைய இசை அரங்கில் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இருந்த அம்மாள், மாப்பிள்ளையின் பாட்டைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தாராம். ஒரு மாலையைக் கொடுக்கலாமா என்று மாதக் கடைசியில் முடிவு செய்வாராம். மகள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னாள்.

“இப்போ தொள்ளாயிரம் தடவை கேட்டிருக்காங்கப்பா. இன்னும் நிறைய பேர் கேக்கணும். கடைசி வரைக்கும் கேக்கணும். அதைத்தான் அவங்க பார்ப்பாங்க.”

அரங்கம் கிடைத்தால் மாப்பிள்ளை பாடகர். கிடைக்காவிட்டால் மாதம் பிறந்ததும் வரைபட அலுவலகம். சாப்பிட்ட கையைக் கழுவும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். குடும்பத்தில் ஒருவருக்குத் தேவை என்றால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் பழக்கம் இல்லை.

என் தம்பியைக் கூப்பிட்டேன். ராணுவத்தின் வாசலைக்கூட மிதிக்காதவன்; ஆனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் ‘கர்னல்’தான். உத்தரவு போட ஒரு காரணம் கிடைத்தால் அவனுக்குப் பத்து வயது குறைந்துவிடும். தேர்வுக் கூடக் கண்காணிப்பாளர்களுக்குப் போடுவதுபோல நான் ஒரு பணிப் பட்டியல் தயாரித்தேன். என் பக்கம் இருபத்தாறு பேர், மனைவி பக்கம் பதினேழு பேர். காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை, பிறகு இரண்டு முதல் ஐந்து வரை, பாட்டு முடிந்ததும் மறுபடியும் ஆரம்பிக்கிற மாதிரி ஓட விட வேண்டும். ஞாயிறு விடுமுறை. வீட்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் மனைவிக்கும் மூச்சு விடக் கூடாது. செய்கிற உதவியைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. கர்னல் ஃபோனில் ‘ஆபரேஷன் மாப்பிள்ளை’ என்று தனிக் குழு ஆரம்பித்தான். நான் என்னுடைய இரண்டு பழைய ஃபோன்களை உயிர்ப்பித்து, சார்ஜரோடு என் அலமாரியின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. காலை ஒன்பது இருபத்தைந்துக்கு ஒவ்வொருவராக ‘ஆஜர்’ போடுவார்கள். என் ஒன்றுவிட்ட அக்கா மட்டும் மூன்றாம் நாள் கர்னலைக் கூப்பிட்டு, பாட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள், தன் ஃபோன் கெட்டுவிட்டதா என்று கேட்டாளாம். கர்னல் என்னிடம் கேட்டான். சத்தத்தைக் குறைக்கச் சொல் என்றேன்.

பதினோரு நாளில் தொள்ளாயிரம் என்பது நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

மாப்பிள்ளை முதலில் மகிழ்ந்தார். இரண்டு நாளில் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. முகவாயைத் தடவிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை பேர் கேட்டிருக்காங்க, ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலையே” என்று மகளிடம் சொல்வது என் காதில் விழுந்தது. தொள்ளாயிரம் தடவையாக இருந்தபோதே அறுபது கடிதம் வந்ததாம். விவரமான மனிதர்தான் என்று எண்ணிக்கொண்டேன். கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பாட்டு காணாமல் போனது.

அவருடைய பாட்டை எல்லா ஆப்களுக்கும் அனுப்பிவைக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. செயற்கையான முறையில் எண்ணிக்கை கூட்டப்பட்டதால் பாட்டு நீக்கப்பட்டதாம். பாடகர் தரப்பு விளக்கம் இல்லாவிட்டால் அவருடைய பாட்டுகள் எதையும் இனி ஏற்க மாட்டார்களாம். மகள் மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முறைகேடு என்ற சொல் எங்கள் வீட்டு வாசலுக்குள் வந்ததே கிடையாது. யாரோ பொறாமையில் செய்த வேலை, வக்கீலைப் பார்ப்போம் என்றேன்.

“யாரைன்னு போய்ப் பார்க்கிறது மாமா” என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் உள்ளே போயிருந்தது. “நான்தான் மிஷின் வெச்சு ஏத்தினேன்னு நினைப்பாங்க. இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது? அரங்கத்துல அந்த அம்மாவுக்கும் இது தெரிஞ்சிருக்கும்.”

மகள் மேலே படித்தாள். நாற்பத்தைந்து கருவிகள். எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிற்கின்றன. காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை. இரண்டிலிருந்து ஐந்து வரை. ஞாயிற்றுக்கிழமை இயக்கம் இல்லை. அவள் நிறுத்தினாள். அந்த வரியை மறுபடியும் வாய்க்குள் படித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எந்த மிஷின்பா ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்?”

நான் காபித் தம்ளரை எடுத்து உதட்டில் வைத்தேன்.

“அப்பா, உங்க பழைய ஃபோன் ரெண்டும் எங்க?”

பதினாறு வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். பிடிபட்ட பிள்ளைகள் எப்படி விழிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கண் முதலில் ஒளித்துவைத்த இடத்துக்குத்தான் போகும். என் கண் அலமாரிச் சாவிக்குப் போனது. அதை அவள் பார்த்துவிட்டாள். என் மகள் அல்லவா.

எழுந்து போய் அந்த இழுப்பறையைத் திறந்தேன். கோட்டுகளுக்குக் கீழே இரண்டு ஃபோன்களும் சூடாக இருந்தன. பட்டியலையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். “ஐயோ, கர்னலுமா?” என்றாள் மனைவி. தலையாட்டினேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை பட்டியலை நெடுநேரம் படித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மூன்று வருடம் கடை கடையாக ஏறிச் சேர்த்ததைப் பதினோரு நாளில் துடைத்துவைத்தவன் நான். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“சத்தத்தை ஏன் மாமா குறைக்கச் சொன்னீங்க?”

“தொந்தரவா இருக்குமேன்னு…”

“நீங்களும் குறைச்சுத்தான் வெச்சிருந்தீங்களா?”

நான் தலையைக் குனிந்தேன்.

“நீங்க பாட்டைக் கேக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. கேட்டிருந்தீங்கன்னா மறுநாள் காலைல என் கதவைத் தட்டியிருப்பீங்க.”

இதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பாட்டு ஆப்பில் இல்லை. ஆனால் அவர் முதலில் எனக்கு அனுப்பியது என் ஃபோனில் அப்படியே இருந்தது. மகளின் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

கிடார் வேகமாக ஆரம்பித்தது. குரல் அவர் பேசுகிற குரலேதான், அலங்காரம் இல்லை. புது வீட்டுக்குக் குடிவந்தவன் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தார். வேகம் கூடிக்கொண்டே போனது, சத்தமும். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு. சின்ன இடைவெளி. மறுபடியும் ஒரு கனைப்பு.

கிடார் நின்றது. ஒரு மூச்சு நேரம் எதுவுமே இல்லை. முந்நூறு பேர் அடங்கிய கூடம் போன்ற ஒரு மௌனம். அதற்குப் பிறகு அதே மெட்டு, பாதி வேகத்தில், தொட்டால் எழுந்துவிடுமோ என்று தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல வந்தது. உள்ளே ஆள் இருக்கிற கதவுகளை எப்படித் திறக்க வேண்டும் என்று அந்தப் பகுதியில் பாடினார். எனக்கு இசை தெரியாது. ஆனால் முதல் பகுதி இந்த இரண்டாவது பகுதிக்காகத்தான் என்பது எனக்கே புரிந்தது.

மறுபடியும் ஒருமுறை கேட்டேன். வங்கி வரிசையில் திரும்பிப் பார்த்த பெண்ணும், நூலகத்தில் எழுந்து நின்ற இளைஞர்களும் நினைவுக்கு வந்தார்கள். காது மடல் சூடானது. மூன்றாவது முறையும் கேட்டேன்.

வெளியே வந்தபோது மூவரும் மேசையிலேயே இருந்தார்கள்.

“இதை ஏன் மாப்பிள்ளை எடுக்காம விட்டீங்க?”

“எடுத்துப் பார்த்தேன் மாமா. எடுத்துட்டா, ரெண்டாவது பாதி ஏன் அப்படி மெல்ல ஆரம்பிக்குதுன்னே தெரியலை. உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்களேன்னு பயம். பாட்டு வந்ததும் நீங்களே சண்டைக்கு வருவீங்க, அப்போ கால்ல விழுந்துடலாம்னு இருந்தேன்.”

“ஒரு மாசத்துக்கு மேல எல்லாருக்கும் தெரியும்” என்றாள் மனைவி. “உங்களுக்கு மரியாதை கூடிப்போச்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

அன்று மதியம் நான் என் மேசையில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறேன். நானே எழுதுவது அதுதான் முதல்முறை. முதல் வரி வருவதற்குள் நான்கு தாள் கிழிந்தது. கடைசியில் இப்படி அமைந்தது:

‘அம்மையீர் / ஐயா, மேற்படி பாடலை ஓட்டியவை இயந்திரங்கள் எனத் தாங்கள் கருதுவது சரியன்று. இணைப்பில் கண்ட நாற்பத்து மூன்று பேரும் மனிதர்களே. இருபத்தாறு பேர் என் வழி உறவினர், பதினேழு பேர் என் மனைவி வழி உறவினர். மீதி இரண்டு கருவிகள் என் அலமாரியில் இருந்தவை. எனினும் இவர்களில் எவரும் பாடலைக் கேட்கவில்லை என்பது உண்மை. சத்தத்தைக் குறைக்குமாறு உத்தரவிட்டவன் நான். பாடகருக்கு இதில் தொடர்பு இல்லை. தெரிந்திருந்தால் அனுமதித்திருக்க மாட்டார். முறைகேடு முழுவதும் என்னுடையது. பொய்யான எண்ணிக்கையை நீக்கிவிட்டு, உண்மையாகக் கேட்டவர்களிடம் பாடலைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்.’

கீழே முழுப் பெயர், முகவரி, முன்னாள் பதவி, கையெழுத்து. பணிப் பட்டியலின் நகல் இணைப்பு. அந்தக் கையெழுத்தைப் போடும்போது என் தகப்பனாரின் முத்திரை நினைவுக்கு வந்தது. அழுத்திப் போட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். அவர் வேண்டாம் என்றார். ஒரு கடிதம் போதும் என்றார். செய்தவன் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்றேன். இஸ்திரி போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டேன். அலுவலகம் மேடைக்குப் பின்னால், ஒரு குறுகிய அறை. சுவரெல்லாம் பழைய சுவரொட்டிகள், தரையில் சுருட்டிவைத்த ஒயர்கள், ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கும் ஒரு மைக் ஸ்டாண்டு. பொறுப்பாளர் அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பழக்கம், இரண்டு முறை.

அவர் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையை.

“இவங்கதானா?”

“என் மாமனார்” என்றார் மாப்பிள்ளை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு இடைவேளை வரை வந்தபோது அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ஞாயிறு விடுமுறை என்றபோது அவரால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு தெளிவாகப் பேசினார். நாற்பதாயிரத்தை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லையாம். அந்தத் தொள்ளாயிரத்தில் எத்தனை பேர் மறுபடியும் வந்து கேட்டார்கள் என்றுதான் பார்த்தாராம். அது நன்றாகவே இருந்ததாம். ஆனால் புகார் உள்ள பாடகரின் பெயரைச் சுவரொட்டியில் போட அரங்கம் சம்மதிக்காது. மாதக் கடைசிக்குள் பாட்டு திரும்பி வந்தால் பார்க்கலாம் என்றார்.

திரும்பும் வழியில் பேருந்தில் மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். “வரலைன்னாலும் பரவால்ல மாமா. அலுவலகத்துல என் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம்” என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று புரிந்தது. அவர் விரல்கள் முழங்காலில் தாளம் போடாமல் சும்மா இருந்ததை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஆறு நாள் காத்திருந்தோம். ஏழாம் நாள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. எழுதியவர் மனிதர்தான் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. இப்படி ஒரு விளக்கத்தைத் தான் இதுவரை படித்ததில்லை என்று எழுதியிருந்தார். பொய் எண்ணிக்கை முழுவதும் நீக்கப்படும், பாட்டு திரும்பி வரும். ஒரே ஒரு நிபந்தனை. மறு ஆய்வில் பாட்டுக்குள் இன்னொருவர் குரல் இருப்பது தெரியவந்திருக்கிறது. அவருடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும்.

மாப்பிள்ளை மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார்.

“உங்களுக்குச் சங்கடமா இருந்தா அந்த இடத்தை எடுத்துடறேன் மாமா. கொஞ்சம் மாத்தி அமைச்சா ஒப்பேத்திடலாம்.”

“எடுத்தா ரெண்டாவது பாதி ஏன் மெல்ல ஆரம்பிக்குதுன்னு தெரியாதுன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு ஒப்பேத்தணும்? படிவத்தைக் கொடுங்க.”

கையெழுத்துப் போட்டேன். ‘பாடலில் பங்கு’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். மாப்பிள்ளை யோசித்தார். கனைப்பு என்றே எழுதச் சொன்னார். பெயரை இனிஷியலோடு, பிழை இல்லாமல் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பாட்டு திரும்பி வந்தபோது எண்ணிக்கை தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் நின்றது. கர்னலைக் கூப்பிட்டுக் கடைசி உத்தரவு போடச் சொன்னேன். எல்லோரும் பாட்டை ஒரே ஒரு முறை, சத்தத்தோடு, முழுதாகக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு என்று கேட்டான். அவரவர் விருப்பம் என்றேன். அந்தச் சொல் அவனுக்கு உடனே விளங்கவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

“அண்ணே… அது நீங்கதானே?”

“ஆமா.”

“கனைச்சதும் நானும் சட்டுன்னு நிமிர்ந்து உட்கார்ந்துட்டேண்ணே” என்றான்.

அன்று சாயங்காலத்துக்குள் ‘ஆபரேஷன் மாப்பிள்ளை’யில் முப்பதுக்கு மேல் செய்திகள் வந்துவிட்டன. தன் ஃபோன் கெடவில்லை என்று இப்போது புரிந்ததாக ஒன்றுவிட்ட அக்கா எழுதியிருந்தாள்.

நாட்குறிப்பில் குறித்த தேதி ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மாப்பிள்ளை தலை வாரி, அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் சட்டையில் வந்து என் முன்னால் நின்றார். அரங்கத்திலிருந்து முந்தின நாள் பதில் வந்திருந்தது. பெரிய மேடை இல்லை. மாடியில் இருக்கும் எழுபது பேர் உட்காரும் சின்ன அறை, அதுவும் மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை.

“நல்ல அரங்கத்துல ஒரு நிகழ்ச்சின்னு பேசினோம் மாமா. இது அந்தக் கணக்குல வருமான்னு எனக்கே தெரியலை. மூணு வருஷத்துக்குள்ளயும் வரலை. நான் வாக்குக் கொடுத்திருக்கேன். நீங்க சொன்னா திங்கட்கிழமை அலுவலகம் போறேன்.”

நான் நாட்குறிப்பைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து அங்கே இருந்தது. தேர்வுக் கூடத்தில் நான் எத்தனையோ பேரிடமிருந்து தாளைப் பிடுங்கியிருக்கிறேன். ஆனால் ஒழுங்காக எழுதிக்கொண்டிருப்பவர், எழுதிய பக்கங்கள் நிறைந்துபோய்க் கையைத் தூக்கினால் கூடுதல் தாள் கொடுத்தே ஆக வேண்டும். கண்காணிப்பாளருக்கு அதில் யோசிக்கும் உரிமையே கிடையாது.

இதை அவரிடம் சொன்னேன்.

“நான் இன்னும் கை தூக்கலையே மாமா” என்றார்.

“அப்போ தூக்குங்க.”

மனிதர் நிஜமாகவே வலது கையைத் தூக்கினார், பள்ளிப் பிள்ளை மாதிரி. சமையலறை வாசலில் என் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். நான் நாட்குறிப்பிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அதில் தேதி எதுவும் எழுதவில்லை. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்னறைக்குப் போய் என் கோட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

சத்தம் கொஞ்சம் அதிகம்தான். நடைவழி வரைக்கும் போனேன். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.